மதினி பெயரில் எடுத்த ரத்தம்

“பேரு?”

“பவானி.”

“வயசு?”

“முப்பத்தி நாலு.”

ரத்தப் பரிசோதனைக் கடை ஷானவாஸ் தலையைத் தூக்காமலே எழுதிக்கொண்டார். தூக்கிப் பார்த்திருந்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? கம்பத்தில் காய்ச்சல் சீசன் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு அறுபது கை, எழுபது கை அவர் முன்னால் நீளும். எந்தக் கை எந்தப் பெயருக்குச் சொந்தம் என்று ரேகை பார்த்தா சொல்ல முடியும்? எதிரில் உட்கார்ந்திருந்தவளின் உண்மையான பெயர் மாரீஸ்வரி. வயசு இருபத்தெட்டு. பவானி என்பது அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. மூன்று நாளாகக் காய்ச்சலில் வீட்டில் சுருண்டு கிடந்தது அந்தப் பவானிதான். இங்கே வந்து கையை நீட்டியதோ, திராட்சைத் தோட்டத்தில் மத்தியானம் வரைக்கும் நின்று வேலை பார்த்துவிட்டு, பசி பொறுக்காமல் வழியில் ரெண்டு வடையும் தின்றுவிட்டு வந்த நாத்தனார். அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

மலைக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்களுக்குள் இது ஒன்றும் புதுசில்லை. ஏலக்காய் எஸ்டேட்டில் தங்கி வேலை பார்க்க வேண்டுமென்றால் ரத்த ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரே அறையில் படுத்திருந்த நாலு பேருக்கு மஞ்சள்காமாலை வந்ததிலிருந்து இந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நல்ல சட்டத்துக்கும் ஒரு சந்து கண்டுபிடிக்காவிட்டால் நம் ஜனங்களுக்குத் தூக்கம் வராதே. உடம்பு சரியில்லாதவளுக்காக உடம்பு நன்றாக இருக்கிறவள் போய்க் கையை நீட்டிவிடுவாள். பெயர் இவளுடையது, ரத்தம் அவளுடையது. கைமாத்து வாங்குகிற மாதிரிதான். சீனி வாங்குகிறோம், காபித்தூள் வாங்குகிறோம், ரத்தமும் வாங்கினால் என்ன என்று நினைத்துவிட்டார்கள்.

பவானி மற்ற நாளில் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கேட்டாள். ஐந்து வருஷமாகத் தினமும் விடிகாலையில் ஜீப்பேறி, ஏலச்செடி அடியில் ஈரத்தில் குத்தவைத்து, காய் எடுத்துக் காய் எடுத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த ஐப்பசியில்தான் ஜீப் கங்காணி சுருளியாண்டி அந்த நல்ல சேதியைச் சொன்னான். எஸ்டேட் ஸ்டோரில், காய்ந்த ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். கூரைக்கடியில், பலகையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அட்டைக்கடி கிடையாது, மழை கிடையாது. வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட்டோடு ஜீப்பில் ஏறுகிறவளுக்கு அந்த வேலை. இல்லையென்றால் அடுத்தவளுக்கு. அந்த அடுத்தவள் தயாராக நின்றுகொண்டிருந்தாள் என்பதையும் அவன் சொல்லாமல் விடவில்லை.

“மாரி, இந்த ஒரு தடவ உன் ரத்தத்தக் குடு ஆத்தா” என்றாள் பவானி. போர்வைக்குள்ளிருந்து பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

“நெருப்பா கொதிக்குது மதினி. ஆஸ்பத்திரிக்குப் போவம். நெசமாவே ரத்தம் குடுத்துப் பாப்பம்.”

“பாத்து? அதுல ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னு வந்துச்சுன்னா? வேல போயிரும். மழையில நனைஞ்ச காய்ச்சல், ரெண்டு மாத்திரையில ஓடிரும். ஒங்க அண்ணங்கிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. தெரிஞ்சா ஜீப்புல ஏற விடமாட்டாக.”

மாரீஸ்வரிக்கு ஊசியைக் கண்டால் பாதி உயிர் போய்விடும். இருந்தும் போனாள். மதினிமேல் அவளுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். புருஷன் திருப்பூரில், பிள்ளை இன்னும் இல்லை, பக்கத்து வீட்டிலிருக்கும் இந்த மதினிதான் அவளுக்குத் தாய் மாதிரி, தோழி மாதிரி எல்லாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள். சாயந்திரமே ரிப்போர்ட் கையில் வந்துவிட்டது. டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டு இல்லை. பிளேட்லெட் ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். ஈரலும் சுத்தம். மேலே கொட்டை எழுத்தில் பெயர்: பவானி. அந்தக் காகிதத்தைப் பார்த்தால் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பவானியைவிட ஆரோக்கியமான பொம்பளை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பவானியால் எழுந்து நிற்க முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் தங்கப்பாண்டியன் தனியாகப் போய், ‘பொண்டாட்டி எங்கப்பா’ என்று நூறு பேர் கேட்டதற்கு நூறு பதில் சொல்லிவிட்டு, எரிச்சலோடு திரும்பி வந்தான். வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றி இறக்குகிறவன்; இருட்டோடு போய் இருட்டியபின் வருகிறவனிடம் அவள் அதுவரை காய்ச்சலை மாத்திரை போட்டு மறைத்திருந்தாள். கை எவ்வளவு பெரிசோ கோபமும் அவ்வளவு பெரிசு; வந்த வேகத்தில் போயும்விடும். அன்றைக்குப் போகவில்லை. ஏனென்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது, மலைக்குக் கட்டி வைத்த பையும் அதன்மேல் இருந்த ரிப்போர்ட்டும்.

மாரீஸ்வரி தன் வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் கேட்டது.

“எல்லாம் நார்மல்னு போட்ருக்கு! அப்ப என்னடி காய்ச்சல்? எங்க வகையறாவுல விசேசம்னா மட்டும் உனக்குக் காய்ச்சல் வருமா? நாளைக்கு மலைக்குப் போறதுக்கு மட்டும் ஒடம்பு நல்லாயிருமா?”

பவானி ஏதோ முனகினாள். உண்மையைச் சொன்னால் ஜீப் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி. அவள் பொய்க்காரியாக இருந்துவிடுவதே மேல் என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

“பேசாத. மூஞ்சியப் பாத்தாலே ஆகல. போ, மலைக்குப் போயி அங்கனயே செத்துத் தொல!”

மாரீஸ்வரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ரெண்டு எட்டு வைத்தால் அந்த வீடு. ‘அது என் ரத்தம்ணே, மதினிக்கு நெசமாவே காய்ச்சல்’ என்று ஒரு வார்த்தை போதும். மதினிக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. அண்ணன் கோபம் காலையில் வடிந்துவிடும் என்றும் தோன்றியது. சோறு குழையப் போகிறதே என்ற கவலையும் கூடவே இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் பவானி ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானம் திராட்சைக் கொடிக்கடியில் நின்றுகொண்டிருந்த மாரீஸ்வரிக்கு அண்ணனிடமிருந்து போன். மதினி மலையில் மயங்கி விழுந்துவிட்டாள், கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் கொண்டுவருகிறார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வா. அவ்வளவுதான் சொன்னான். அப்படியே ரோட்டுக்கு ஓடினாள். ஆட்டோவில் உட்கார்ந்ததிலிருந்து, சனிக்கிழமை ஊசி குத்தின இடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

சுருளியாண்டியும் ஜீப் டிரைவரும் சேர்ந்து பவானியைத் தூக்கி வந்தார்கள். அவளை அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, கண் மஞ்சள் பாய்ந்து, மூச்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் ஏதோ பேசினாள். பேச்சுக்குத் தலையுமில்லை வாலுமில்லை. வழியில் ரெண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதனால் தொட்டுப் பார்த்தால் உடம்பு வியர்த்துச் சில்லென்று இருந்தது.

டாக்டர் ரெஹானா உத்தமபாளையத்துப் பெண். சின்ன வயசு, ஆனால் நிதானமானவர். ஊசி, குளுக்கோஸ், ஆக்ஸிஜன் எல்லாம் மளமளவென்று நடந்தது. ரத்தம் எடுத்து உள்ளேயே பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு கையில் புது ரிப்போர்ட்டும் இன்னொரு கையில் பழைய ரிப்போர்ட்டுமாக வெளியே வந்தார். பழையதைச் சுருளியாண்டிதான், எஸ்டேட்டில் கொடுத்திருந்ததை வாங்கி, பொறுப்பாகப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

“அவுக வீட்டுக்காரர் நீங்கதானா? இதப் பாருங்க. சனிக்கிழமை பிளேட்லெட் ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். இன்னைக்கு முப்பத்தெட்டாயிரம். சனிக்கிழமை ஈரல் கிண்ணுன்னு இருந்திருக்கு. இன்னைக்கு மோசமா அடிபட்டிருக்கு. சிறுநீரகமும் திணறுது. காய்ச்சல் இருந்துச்சா?”

“காய்ச்சல்னு சொன்னா டாக்டர். ஆனா ரிப்போர்ட்டுல...” தங்கப்பாண்டியன் முடிக்கவில்லை.

“அதான் எனக்கும் குழப்பமா இருக்கு. காய்ச்சக் கிருமின்னா ஒடம்பு கொஞ்சங் கொஞ்சமாக் காட்டிக் குடுக்கும். நெசமாவே காய்ச்சல் இருந்திருந்தா ரத்தம் இவ்வளவு சுத்தமா இருக்காது. நல்லா இருந்த ஒருத்தருக்கு நாலே நாள்ல இப்படி ஆச்சுன்னா...” டாக்டர் குரலைத் தணித்தார். “தப்பா நெனைக்காதீக. வீட்ல எதுவும் சண்டையா? எலி பேஸ்ட், செடிக்கு அடிக்கிற மருந்து, இப்படி ஏதாவது? எலி பேஸ்ட்டத் தின்னா அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஈரலப் பிடிக்கும்.”

தங்கப்பாண்டியன் வாய்க்குள் நாள் எண்ணினான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். எண்ணி முடித்ததும் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெரிய உடம்பு உட்கார்ந்த சத்தத்தில் நர்சு திரும்பிப் பார்த்தாள்.

“நான் உறுதியாச் சொல்லல” என்றார் டாக்டர். “ஆனா வெசமா இருந்தா இங்கன வச்சிருக்க முடியாது. மதுரைக்குப் போயி ரத்தத்துல இருக்குற நீரையே மாத்தணும். தேனியிலருந்து பெரிய ஆம்புலன்ஸ் வரச் சொல்லியிருக்கேன். இந்த நெலமையில அவ்வளவு தூரம் கொண்டு போறதும் ஆபத்துதான். வேற வழி தெரியல. போலீசுக்கும் சொல்லித்தான் ஆகணும், அது சட்டம்.”

போலீசு என்ற வார்த்தையைக் கேட்டதும் மாரீஸ்வரி ரெண்டு எட்டுப் பின்னால் போனாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. படித்தது எட்டாவதுதான் என்றாலும் டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் தெள்ளத்தெளிவாகப் புரிந்தது. நாலு நாளில் விழுந்தது மதினியின் ரத்தம் இல்லை. சனிக்கிழமை காகிதத்தில் இருப்பது வடை தின்றுவிட்டு வந்த தன்னுடைய ரத்தம். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் இல்லாத விஷத்தைத் தேடுகிறார். உள்ளே இருக்கிற உண்மையான நோயை யாரும் தேடவில்லை. இதைச் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும்? பொய்ப் பெயர் கொடுத்துப் பரிசோதனை செய்தது குற்றமா? குற்றமாகத்தான் இருக்கும். பெயர் மாற்றி ரேஷன் வாங்கினாலே கேஸ் போடுகிறார்கள். ஷானவாஸ் கடைக்குப் பூட்டுப் போடுவார்கள், ஒரு தப்பும் செய்யாத மனுஷன். திருப்பூரிலிருந்து புருஷன் வருவான், தன்னை ஸ்டேஷனில் பார்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, அதோ சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற அண்ணன். உன்னால்தான் என்று அவன் ஒரு பார்வை பார்த்தால்? அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்குப் போவாள்?

மதுரையில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சமாதானம் கிடைத்தது. பயந்தவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்? அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஏட்டு ஒருத்தர் வந்தார். கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

“சண்ட ஏதும் நடந்துச்சாப்பா?”

“நடந்துச்சு சார்.”

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம ராத்திரி. நாந்தான் சார் செத்துத் தொலன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். கேட்டுட்டுப் பேசாமப் போனா. நாந்தான் சார் கொன்னுட்டேன். எழுதிக்கோங்க.”

ஏட்டு எழுதிக்கொண்டார். தங்கப்பாண்டியன் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதான். மண்டியில் ஒரே தூக்கில் ரெண்டு தாரைத் தோளில் ஏற்றுகிற ஆள், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை ஒழுக விட்டுக்கொண்டு அழுதான். மாரீஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாதண்ணே” என்றாள். அதைச் சொல்லும்போது அவள்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கையை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

அப்படியே ரெண்டு மணி நேரம் போனது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மானிட்டர் கத்தும். ஒவ்வொரு முறை அது கத்தும்போதும் மாரீஸ்வரிக்கு உயிர் ஒரு முறை போய் வரும். நர்சு வேகமாக நடந்தால் பயம், மெதுவாக நடந்தால் அதைவிடப் பயம். இடையில் டாக்டர் ஒரு தடவை வெளியே வந்தார்.

“இந்த ரிப்போர்ட் எடுக்கும்போது அவுக நல்லா இருந்தாகளா? கூட யாரு போனது?”

அண்ணனுக்கு அந்த விவரம் தெரியாது. பெண்கள் ரெண்டு பேரும் எங்கே போனாலும் சேர்ந்துதான் போவார்கள் என்கிற பழக்கத்தில், “எந்தங்கச்சிதான் போயிருக்கும்” என்று கைகாட்டினான்.

டாக்டர் அவளைப் பார்த்தார். ஏட்டும் பார்த்தார்.

“ஆமா” என்றாள் மாரீஸ்வரி. “நல்லாத்தான் இருந்தாக.”

கேட்கப்பட்ட பிறகும் சொன்ன பொய் அது. கடவுளே வந்து வாசலைத் திறந்துவிட்டும், அவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் பவானியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. அவள் தலையை அப்படியும் இப்படியும் உருட்டி, கையால் முகமூடியைத் தள்ளிவிட்டு, யாரையோ கெஞ்சிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் வார்த்தை புரிந்தது.

“எனக்குக் காய்ச்சலே இல்லண்ணே... ஏத்திக்கோங்கண்ணே... ரிப்போர்ட்டு இருக்கு... நல்ல ரிப்போர்ட்டுண்ணே...”

சுருளியாண்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஜீப் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறாள். சாகப் போகிற நேரத்திலும் அந்தப் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற சுருளியாண்டி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

மாரீஸ்வரி ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தாள். தள்ளுகிற ஆள், “விடும்மா” என்றான். அவள் விடவில்லை.

“அது என் ரத்தம்!” என்று கத்தினாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. “டாக்டரம்மா, அந்த ரிப்போர்ட்டு மதினியோடது இல்ல! சனிக்கிழம ரத்தம் குடுத்தது நாந்தான். மதினி பேரச் சொல்லி நாங் குடுத்தேன். அவுகளுக்கு ரத்தமே எடுக்கல. அவுக எந்த வெசமும் குடிக்கல. காய்ச்சல்தான் டாக்டரம்மா, வெறுங் காய்ச்சல்தான்!”

அவள் யார் முகத்தையும் பார்க்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறை விழும் என்று கன்னம் காத்திருந்தது. ஆனால் டாக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது? நெசமாச் சொல்லுங்க.”

“வியாழக்கிழம. போன வாரம் வியாழக்கிழம. குளிர் நடுக்கமா நடுங்குனாக. தலவலின்னு துடிச்சாக.”

“அப்படின்னா இன்னைக்கு ஏழாவது நாளு.” டாக்டர் பழைய ரிப்போர்ட்டை நர்சு கையில் திணித்தார். “இதக் கொண்டுபோய் எங்கேயாவது போடு. வண்டி நிக்கட்டும். இவுகள உள்ள கொண்டு வாங்க. எஸ்டேட்ல என்ன வேல பாத்தாக? செடிக்கு அடியில ஒக்காந்தா?”

“அஞ்சு வருசமா அதான் டாக்டரம்மா.”

கதவு மூடிக்கொண்டது. திரைக்குப் பின்னால் டாக்டரும் நர்சும் பவானியின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். காதுக்குப் பின்னால், கக்கத்தில், இடுப்பு மடிப்பில். கடைசியில் இடது மார்புக்கு அடியில் இருந்தது, பீடி நெருப்பால் சுட்டது மாதிரிக் கறுப்பாக ஒரு பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அது இருப்பது பவானிக்கே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அந்த இடத்தை அவள் யாரிடம் காட்டியிருக்கப் போகிறாள்?

“உண்ணிக்காய்ச்சல் மாதிரி இருக்கு” என்று வெளியே வந்து சொன்னார் டாக்டர். “புதருக்குள்ள கண்ணுக்கே தெரியாத பூச்சி ஒண்ணு இருக்கு, அது கடிச்சு வர்றது. மருந்த ஆரம்பிச்சாச்சு. பெரிய மருந்தெல்லாம் இல்ல, எந்த மெடிக்கல்லயும் கெடைக்கிறதுதான். ரத்தத்தையும் அனுப்புறேன். அதுலயும் அதே வந்துச்சுன்னா மதுரைக்கு ஓட வேணாம், இங்கனயே பாத்துக்கலாம்.”

நர்சு புதுக் குழாயில் ரத்தம் எடுத்தாள். இந்தத் தடவை டாக்டரே பக்கத்தில் நின்று, பெயரை எழுத வைத்து, கட்டிலில் கிடந்தவளின் கையில் ஒட்டியிருந்த சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதைப் பார்க்க மாரீஸ்வரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அரை மணி நேரம். ஆம்புலன்ஸ் டிரைவர் டீ குடிக்கப் போனார். ஏட்டு எழுதின தாளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தங்கப்பாண்டியன் எழுந்து நின்றிருந்தான். தங்கை இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. டாக்டர் நினைத்தது தப்பாக இருந்தால்? நேரம் கடந்துவிட்டிருந்தால்? அந்த ரெண்டு மணி நேரம்தான் மிச்சமிருந்த நேரமாக இருந்திருந்தால்? கும்பிடுகிற எந்தச் சாமியின் பெயரும் மாரீஸ்வரிக்கு நினைவுக்கு வரவில்லை. வாய் வெறுமனே மதினி, மதினி என்று முணுமுணுத்தது.

டாக்டர் வெளியே வந்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பரிசோதனை அட்டை. அதில் ரெண்டு சிவப்புக் கோடு.

“அதேதான்” என்றார். “வண்டியத் திருப்பி அனுப்புங்க.”

பிறகு மாரீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார். கோபம் அப்போதுதான் அவர் குரலில் தெரிந்தது.

“சனிக்கிழமை அவுக ரத்தத்த எடுத்திருந்தா என்ன நோய்னு தெரியாமக்கூடப் போயிருக்கலாம். மூணாவது நாள்ல இந்தக் கோடு விழாது. ஆனா பிளேட்லெட் எறங்க ஆரம்பிச்சது தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வாங்கன்னு யாராவது சொல்லியிருப்பாக. ரிப்போர்ட்டே இல்லாம வந்திருந்தாக்கூட நான் முதல்ல காய்ச்சலத்தான் தேடியிருப்பேன். நீங்க குடுத்த அந்த நல்ல ரிப்போர்ட்டுதாம்மா என் கண்ணக் கட்டிருச்சு.”

மாரீஸ்வரி தலையை ஆட்டினாள்.

“அந்த ஜீப்புல போறவுகள்ல வேற யாரும் இப்படிப் பண்ணியிருக்காகளா?”

அவள் ரெண்டு பெயர் சொன்னாள். சுருளியாண்டி நின்ற இடத்திலேயே எஸ்டேட்டுக்குப் போன் போட்டான். ஏட்டு, எழுதின தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினார். கேஸ் எதுவும் இல்லை, கூப்பிட்டால் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார். இதற்காகவா இத்தனை நேரம் பயந்தோம் என்று மாரீஸ்வரிக்கு இருந்தது.

அன்றிரவும் மறுநாளும் ஆபத்து நீங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் காய்ச்சல் இறங்கியது. பிளேட்லெட் ஏற ஆரம்பித்திருக்கிறது என்று காலையில் எடுத்த ரத்தம் சொன்னது. பவானி கண்ணைத் திறந்து, நர்சிடம் சரியாகத் தன் பெயரையும் ஊரையும் சொன்னாளாம். பிறகு கஞ்சி கேட்டாளாம். கேட்டதும் மாரீஸ்வரி வராந்தாவில் நின்று விம்மி விம்மி அழுதாள். பிழைத்துக்கொண்டாள். மதினி பிழைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வெளியே வந்தான். ரெண்டு நாளாக அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், இப்போது பக்கத்தில் வந்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“மாரி.”

“என்னண்ணே?”

“அந்த ஏட்டு எழுதுனப்ப நீ எம்பக்கத்துலதான இருந்த?”

சிரிப்பு அப்படியே நின்றது. “ஆமாண்ணே.”

“நாந்தான் கொன்னுட்டேன்னு நான் அழுதப்பவும் இருந்த.”

அவள் ஊசி குத்தின இடத்தைத் தேய்த்தாள்.

“ரத்தங் குடுத்தது தப்புன்னு நாஞ் சொல்லல. அவ கேட்டா, நீ குடுத்த. போலீசுக்குப் பயந்த, அதுவும் சரி.” அவன் குரலில் கோபமே இல்லை. “ஆனா ரெண்டு மணி நேரம் ஆத்தா. ரெண்டு மணி நேரம் எம்பொண்டாட்டியக் கொன்னவனா நான் ஒக்காந்திருந்தேன். இல்லன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, அழாதண்ணேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்ட.”

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனான். கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து பவானியின் தேய்ந்த குரல் கேட்டது.

“மாரி வரலியா? மாரிய எங்க?”

பதிலுக்கு, அண்ணன் கஞ்சியை ஆற்றுகிற சத்தம்தான் கேட்டது.